டிராஅபாக்ஸ்: சக மாணவரின் கண்ணில் நம் கோடுகள்

ஓவியத்தின் அடிப்படைகளை இணையவழியே கற்க விரும்புவோருக்கு இன்று காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. நாம் வரைந்த தாளைப் பொறுமையாகப் பார்த்து, எது கைகூடியிருக்கிறது, எது கைகூடவில்லை, அடுத்து எதில் கவனம் வைக்க வேண்டும் என்று சொல்ல இன்னொரு மனிதர் கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. டிராஅபாக்ஸ் என்னும் இலவசப் பயிற்சித் தளம் இந்தக் குறையைத் தீர்க்கக் கையாளும் வழி, கற்பவர்களையே ஒருவருக்கொருவர் விமர்சகர்களாக ஆக்குவது. அந்தத் தளத்தின் பாடங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்த மதிப்புரை அதன் விமர்சனப் பரிமாற்றத்தைப் பற்றியது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே நமக்குக் கிடைக்கும் விமர்சனத்தைக் காட்டிலும் நாம் பிறருக்கு எழுதும் விமர்சனமே அதிகம் கற்றுத்தருகிறது, ஆனால் சக மாணவரின் சொல்லைத் தயக்கமின்றி நம்பக்கூடியது தொடக்கப் பாடங்களில் மட்டும்தான்.

தளத்தை நடத்துபவர் இர்ஷாத் கரீம். கலிஃபோர்னியாவில் பாசடீனா நகரிலுள்ள கான்செப்ட் டிசைன் அகாடமியில் பீட்டர் ஹான் நடத்தும் ‘டைனமிக் ஸ்கெட்சிங்’ வகுப்பில் 2013இல் பயின்ற இவர், அங்கே பெற்ற பயிற்சிகளைத் தம் போக்கில் அடுக்கி, 2014 முதல் ரெடிட் என்னும் இணைய விவாதத் தளத்தின் வழியாகப் பிறருக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். அந்த முயற்சியே பிறகு தனித் தளமாக வளர்ந்தது. ஹானின் வகுப்போ, ஆர்ட் சென்டர் கல்லூரியில் நார்மன் ஷூரெமன் கற்பித்த முறையிலிருந்து வந்தது. தொழிற்பொருள் வடிவமைப்பாளர்களுக்கான பயிற்சியின் வழிவந்ததால்தான் இங்கே முகமும் பூவும் முதலில் வருவதில்லை. கோடு, நீள்வட்டம், பெட்டி என்ற வரிசையில் பாடம் தொடங்குகிறது. அழகான படம் ஒன்றை வரைந்து முடித்தோம் என்ற மகிழ்ச்சியை எதிர்பார்த்து வருபவர் முதல் வாரத்திலேயே சலித்துப்போக வாய்ப்பு உண்டு.

நடைமுறை எளியது. முதல் பாடத்தில் ஒவ்வொரு பயிற்சிக்கும் எத்தனை பக்கங்கள் வரைய வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஒரே கோட்டின் மேல் மீண்டும் மீண்டும் கோடிழுக்கும் பயிற்சிக்கு 2 பக்கங்கள், இரு புள்ளிகளுக்கிடையே கோடிழுக்கும் பயிற்சிக்கு 1 பக்கம், நீள்வட்டங்களை வரிசையாக நிரப்பும் பயிற்சிக்கு 2 பக்கங்கள் என்று அது போகிறது. கணினி அச்சுக்குப் பயன்படும் சாதாரணத் தாளும் 0.5 மி.மீ. முனையுள்ள கறுப்பு ஃபைன்லைனர் பேனாவும் போதும். எல்லாப் பக்கங்களையும் வரைந்து முடித்த பிறகு படமெடுத்துப் பதிவேற்றினால், அந்தப் பாடத்தைக் கடந்துவந்த பிற மாணவர்கள் பார்த்துத் தம் கருத்தை எழுதுவார்கள். ஒருவர் எழுதிய விமர்சனத்தோடு உடன்படுவதாக மற்றவர்கள் தெரிவிக்கவும் வசதியுண்டு. விமர்சகரின் சொல்லையும் வேறு சிலர் சரிபார்க்கிறார்கள் என்ற அளவில் இது நல்ல ஏற்பாடு. இவை அனைத்தும் இலவசம். கட்டணம் செலுத்துவோருக்குத் தளத்தின் பயிற்சி பெற்ற உதவி ஆசிரியர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் தனிச் சேவையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

ஒன்றும் தெரியாதவர் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லித்தருவதில் என்ன பயன் என்ற கேள்வி இயல்பாகவே எழும். பெரும்பாலான ஓவியத் தளங்களைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. முகச் சித்திரம் ஒன்றைப் போட்டால் ‘அருமை’ என்று பத்துப் பேரும், ‘உடற்கூறு படியுங்கள்’ என்று ஒருவரும் எழுதுவார்கள். முன்னதால் வளர்ச்சியில்லை, பின்னதை வைத்துக்கொண்டு அடுத்த நாள் என்ன செய்வது என்று தெரிவதில்லை. டிராஅபாக்ஸ் இந்தக் குழியில் விழாமல் தப்புவதற்குக் காரணம் அதன் மாணவர்கள் மற்ற இடத்து மாணவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதன்று. அதன் தொடக்கப் பயிற்சிகள் சரிபார்க்கக் கூடியவையாக அமைந்திருப்பதே காரணம்.

கோட்டின் மேல் கோடிழுக்கும் பயிற்சியையே பார்ப்போம். அளவுகோலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அதன் மேலேயே வெறுங்கையால் 8 முறை இழுக்க வேண்டும். இழுத்த கோடுகள் தொடங்கிய இடத்தில் ஒன்றுசேர்ந்து முடியும் இடத்தில் சற்றுப் பிரிந்தால் அது தொடக்க நிலையில் எதிர்பார்க்கக் கூடியதே. இரு முனைகளிலும் நார் நாராகப் பிரிந்திருந்தால், பேனாவைத் தொடக்கப் புள்ளியில் நிதானமாக ஊன்றாமல் அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள். இதைக் கண்டுபிடிக்கப் பத்தாண்டு அனுபவம் தேவையில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் யாராலும் பார்க்க முடியும். அதோடு, எது முதன்மை, எது இரண்டாவது என்ற வரிசையையும் பாடமே வகுத்துத் தருகிறது. கோடு தயக்கமின்றி வழுக்கிச் செல்ல வேண்டும் என்பது முதல் விதி, சரியான இடத்தில் போய் முடிய வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. எனவே நடுநடுங்கிப் புள்ளியைத் தொட்ட கோட்டைவிட, சீராகச் சென்று புள்ளியைத் தவறவிட்ட கோடு மேலானது. இந்த வரிசை கையில் இல்லாத புது விமர்சகர் துல்லியத்தைத்தான் முதலில் குறை சொல்வார். கேட்டவர் துல்லியத்துக்காகக் கையை இன்னும் மெதுவாக நகர்த்தி, நடுக்கத்தை வளர்த்துக்கொள்வார்.

முதல் பாடத்துக்கு அடுத்து வரும் 250 பெட்டிச் சவாலில் இந்தச் சரிபார்ப்பு இன்னும் கூர்மையாகிறது. மும்மறைபுள்ளிப் பெர்ஸ்பெக்டிவில், அதாவது இணையான விளிம்புகள் தொலைவிலுள்ள மூன்று மறைபுள்ளிகளை நோக்கி நெருங்குவதாகக் காட்டும் முறையில், 250 பெட்டிகளை வெறுங்கையால் வரைய வேண்டும். ஒரு பக்கத்தை வரைந்து முடித்ததும், பெட்டியின் மூன்று இணைவிளிம்புத் தொகுதிகளையும் வெவ்வேறு நிறப் பேனாவால், பார்ப்பவரை விட்டு விலகிச் செல்லும் திசையில் நீட்ட வேண்டும். நான்கு கோடுகளும் ஒரே புள்ளியை நோக்கி நெருங்கினால் பெட்டி சரி. விரிந்தாலோ, இரண்டு இரண்டாகச் சேர்ந்து வெவ்வேறு இடங்களுக்குப் போனாலோ தவறு எங்கே என்று நிறமே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே விமர்சகர் தம் ரசனையைச் சொல்ல வேண்டிய அவசியமே எழவில்லை. ‘பின்மூலையில் சந்திக்கும் கோடுகள் மட்டும் விலகுகின்றன, அது பலருக்கும் நேர்வது, ஆனால் உங்கள் சிவப்புக் கோடுகள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன, அடுத்த பெட்டியில் ஒரு விளிம்பைப் போடும் முன் மற்ற மூன்றும் எங்கே போகின்றன என்று சேர்த்து யோசியுங்கள்’ என்று எழுதுவதற்கு, எழுதுபவர் அந்த 250ஐ ஒருமுறை கடந்திருந்தால் போதும். தொடக்கத்தில் பலர் கோடுகளைத் தவறான திசையில், பார்ப்பவரை நோக்கி நீட்டிவிடுகிறார்கள். அதைச் செய்பவருக்குத் தம் தவறு புலப்படாது, பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு நொடியில் தெரியும். சக மாணவரின் விமர்சனம் முழு மதிப்பைப் பெறும் இடம் இதுதான்.

இனி, கொடுப்பதைப் பற்றி. பதிவேற்றிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் காலத்தில், அதே பாடத்தைச் சமர்ப்பித்திருக்கும் மற்றவர்களின் பக்கங்களைத் திறந்து எழுதிப் பார்க்க வேண்டும் என்பதே இந்தச் சேவையைப் பயன்படுத்தப்போகும் எவருக்கும் நான் சொல்லும் முதல் ஆலோசனை. நம் தாளைப் பார்க்கும்போது நாம் வரைய நினைத்ததும் வரைந்ததும் மனத்தில் கலந்துவிடுகின்றன. கை தவறிய இடத்தைக் கண் தானாகவே திருத்திப் படித்துக்கொள்கிறது. முன்பின் அறியாத ஒருவரின் தாளுக்கு அந்தச் சலுகையை நாம் தருவதில்லை. சுழலும் பெட்டிகள் பயிற்சியில் ஒருவரின் பெட்டிகள் உண்மையில் சுழலாமல் வெறுமனே சாய்ந்து நீண்டிருப்பதைக் கண்டு, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று சொல்ல முயலும்போதுதான், பெட்டி திரும்பும்போது மறைபுள்ளியும் நகர வேண்டும் என்று பாடத்தில் படித்த வரி உண்மையாகவே புரிகிறது. எழுதத் தொடங்கிய பிறகு பாடத்தைத் திரும்பப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். அந்த மறுவாசிப்பும், ‘எங்கோ சரியில்லை’ என்ற மங்கலான உணர்வைக் காரணத்தோடு கூடிய வாக்கியமாக மாற்றும் சிரமமும் சேர்ந்துதான் கற்பித்தலைச் செய்கின்றன.

ஓவியத்துக்கு வெளியேயும் இதற்குச் சான்று உண்டு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்களை வைத்துக் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் சக மாணவர்களின் கட்டுரைகளுக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பயிற்சி பெற்றனர். மற்றப் பிரிவினர் பெற்ற கருத்துகளைப் பயன்படுத்த மட்டும் பயிற்சி பெற்றனர். பருவ முடிவில், கருத்துச் சொன்னவர்களின் சொந்த எழுத்தே அதிகம் முன்னேறியிருந்தது. அதிலும் மொழித்திறன் குறைவாக இருந்தவர்களிடம் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. கட்டுரைக்குப் பொருந்துவது கோட்டுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் ‘எனக்கே ஒன்றும் வராது, நான் எப்படிப் பிறருக்குச் சொல்வது’ என்று ஒதுங்கி நிற்பவர்கள்தான் எழுதுவதால் கூடுதல் பயன் பெறக்கூடியவர்கள் என்று நினைக்க இது இடமளிக்கிறது.

ஆனால் பாடங்கள் ஏறஏற இந்த ஏற்பாட்டின் பலம் குறைகிறது. இரண்டாம் பாடத்தில் வளைந்த உருளை உருவங்களின் மேல் வளைகோடுகள் போடும் பயிற்சி வரை நிலைமை பரவாயில்லை. இரு முனைகளும் ஒரே அளவு உருண்டைகளாக இருக்கின்றனவா, நடுப்பகுதி வீங்காமல் ஒரே தடிமனாகச் செல்கிறதா என்று கேட்டுச் சரிபார்க்கலாம். அதே பாடத்தில் வரும், பொருள்களின் மேற்பரப்புத் தன்மையை வரையும் இழைநயப் பயிற்சியில்தான் முதல் விரிசல் தெரிகிறது. மரப்பட்டையையோ மீன் செதிலையோ வரையும்போது வெளிக்கோடுகளைத் தவிர்த்து, ஒவ்வொரு மேடும் தன் பக்கத்தில் வீழ்த்தும் நிழலை மட்டும் கறுப்பாக வரைந்து அதை உணர்த்த வேண்டும் என்று பாடம் எதிர்பார்க்கிறது. இதைத் தாமே முழுதாகப் பிடித்துக்கொள்ளாத விமர்சகர் ‘நன்றாக விவரமாக வரைந்திருக்கிறீர்கள்’ என்று பாராட்டுவார். பாராட்டப்பட்டதோ பாடம் தவிர்க்கச் சொன்ன வெளிக்கோடு. இரு வடிவங்கள் ஒன்றையொன்று ஊடுருவும் பயிற்சியிலோ சிக்கல் வேறு வகை. முதல் முறையிலேயே அது கைவந்துவிட வேண்டும் என்று தளம் எதிர்பார்ப்பதில்லை. வடிவங்கள் எந்தக் கோட்டில் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்ற கேள்வியை மாணவர் மனத்தில் விதைப்பதே அப்போதைய நோக்கம். இதை அறியாத ஆர்வலர் ஒருவர் ஒவ்வொரு வெட்டுக்கோட்டையும் பிடித்துத் திருத்தி, புதியவரைக் கலங்கடித்துவிடக் கூடும்.

நான்காம் பாடத்துப் பூச்சிகளுக்கும் ஐந்தாம் பாடத்து விலங்குகளுக்கும் வந்த பிறகு, விமர்சகர் பார்க்க வேண்டியது பன்மடங்காகிறது. மூல நிழற்படத்தை எவ்வளவு கவனித்திருக்கிறார், எளிய உருண்டைகளில் தொடங்கி ஒன்றின் மேல் ஒன்றாக வடிவங்களைச் சேர்த்திருக்கிறாரா, ஏற்கெனவே முப்பரிமாணமாக நின்ற உருவத்தின் வெளிவிளிம்பை வெட்டித் தட்டையாக்கிவிட்டாரா என்றெல்லாம் ஒரே நேரத்தில் பார்த்து, அவற்றுள் எது மூலக்காரணம், எது அதன் விளைவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நாயின் கால் சரியில்லை என்று எவரும் சொல்லிவிடலாம். கால் சரியில்லாததற்குக் காரணம் விலா எலும்புக் கூட்டைக் குறிக்கும் உருண்டை சிறியதாகப் போய்விட்டதுதான் என்று சொல்ல அனுபவம் வேண்டும். இதற்கு மேல், அந்த அளவுக்குப் பாடங்களைக் கடந்து வந்தவர்கள் இயல்பாகவே குறைவு என்பதால், பார்த்துச் சொல்லத் தகுதியுள்ளவர்களும் குறைவு. இலவச விமர்சனம் தன்னார்வத்தை நம்பி நடப்பது. எத்தனை நாளில் வரும், வருமா என்பதற்கு உத்தரவாதம் எதிர்பார்ப்பது முறையன்று.

ஆகவே கட்டணச் சேவைக்கு எப்போது பணம் செலுத்தலாம் என்றால், முதல் பாடத்திலும் பெட்டிச் சவாலிலும் அவசியமில்லை என்பேன். இழைநயப் பயிற்சியிலிருந்து அதற்கு மதிப்புண்டு. உதவி ஆசிரியர்கள் குறை இருக்கும் இடத்தைக் காட்டுவதோடு, தேவையானால் குறிப்பிட்ட சில பக்கங்களை மட்டும் மறுபடி வரைந்து காட்டச் சொல்கிறார்கள். ‘எல்லாவற்றையும் திரும்பச் செய்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட இது பலமடங்கு பயனுள்ளது. கட்டணம் அவ்வப்போது மாறக்கூடியது என்பதால் தொகையை இங்கே குறிப்பிடவில்லை.

தளத்தின் இன்னொரு விதியையும் இந்த விமர்சன ஏற்பாட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வரையும் நேரத்தில் பாதியை, எந்தக் கற்றல் நோக்கமும் இல்லாமல், மனத்துக்குப் பிடித்ததை வரைவதற்கே ஒதுக்க வேண்டும் என்பது அவர்கள் வலியுறுத்தும் 50 சதவீத விதி. அப்படி வரைந்த படங்களை இங்கே யாரும் திருத்துவதில்லை. சிலருக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்குச் சரியென்றே படுகிறது. எல்லாப் படத்தையும் விமர்சனத்துக்கு வைப்பவர் விரைவில் விமர்சகரின் வாயைப் பார்த்துக்கொண்டே வரையத் தொடங்கிவிடுவார்.

சொந்தப் படங்களுக்கும் கருத்து வேண்டுவோர் வேறு இடங்களுக்குத்தான் போக வேண்டும். ஓவியர்கள் தம் படைப்புகளைப் பகிரும் டிவியன்ட்ஆர்ட் தளத்தில் முன்பு இருந்த விமர்சன வசதியில் பார்வை, தனித்தன்மை, உத்தி, தாக்கம் என்று நான்கு தலைப்புகளில் நட்சத்திரம் இட முடிந்தது. தாக்கத்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் வரைந்தவர் மறுநாள் எந்தக் கோட்டை மாற்றுவது? சொந்தப் படைப்புக்குப் பொருந்தும் முறையாக எனக்குப் படுவது, அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990களில் வகுத்த நான்கு படிகள். பார்த்தவர்கள் தமக்கு மனத்தில் பதிந்தது எது என்று முதலில் சொல்கிறார்கள். பிறகு படைத்தவர் தாம் அறிய விரும்புவதைக் கேட்கிறார். அடுத்துப் பார்த்தவர்கள் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியாகத்தான், படைத்தவரின் அனுமதி பெற்று, அபிப்பிராயம் சொல்கிறார்கள். டிராஅபாக்ஸின் வீட்டுப்பாடத்துக்கு இத்தனை நாசூக்கு தேவையில்லை. ஆனால் லெர்மன் முறையின் இரண்டாம் படியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்: பதிவேற்றும்போது ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று விட்டுவிடாமல், ‘நீள்வட்டங்களை இரண்டு சுற்று வரைந்தபோதும் இரண்டாம் சுற்று விலகிப் போகிறது, தோளிலிருந்து வரையாததாலா, வேகத்தாலா?’ என்று கேட்பவருக்கு வரும் பதில்கள் வேறு தரத்தில் இருக்கும்.

தமிழ் வாசகர்கள் கணக்கில் கொள்ள வேண்டியது மொழி. பாடங்களும் விமர்சனங்களும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் உள்ளவர்கள்கூட எழுதத் தயங்குவதால், கருத்தைப் பெறுவதோடு நின்றுவிடுகிறார்கள். இந்தச் சேவையின் சிறந்த பாதியை இழக்கிறார்கள். இலக்கண அழகை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. எந்தப் பக்கம், எந்தப் பெட்டி, எந்த விளிம்பு, என்ன நேர்ந்திருக்கிறது என்று எளிய வாக்கியங்களில் சொன்னால் போதும். படத்தின் மேலேயே நிறக்கோடு போட்டுக் காட்டினால் வாக்கியமும் பாதியாகக் குறையும். அதுவும் தயக்கமாக இருந்தால், இரண்டு மூன்று நண்பர்கள் ஒரே பாடத்தை ஒரே சமயத்தில் வரைந்து, பாடத்தில் பட்டியலிட்டுள்ள பொதுவான தவறுகளை எதிரில் வைத்துக்கொண்டு, ஒருவர் தாளை ஒருவர் தமிழிலேயே அலசிவிட்டுப் பிறகு தளத்தில் பதிவேற்றலாம். அப்படிச் செய்யும்போது தாள்களை மேசைமேல் தட்டையாக வைத்து, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படமெடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் நேர்க்கோடும் விலகித் தெரியும், எங்கோ இருக்கும் விமர்சகர் அதற்கும் சேர்த்து ஒரு பத்தி எழுதுவார்.